கிணறு, அடுப்பு, பள்ளி



தத்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மிற் பலருக்கு ஒரு கொட்டாவி வருகிறது. அது முதியோர் திண்ணையிலே பேசும் பொருள் என்றும், தேர்வுக்கு உதவாதது என்றும், வயிற்றுப் பிழைப்புக்கு அறவே உதவாதது என்றும் எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணத்துக்கு இளைஞர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மேடையில் உலகமெல்லாம் ஒன்று என்று முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் வேலைக்காரருக்குத் தனிக் குவளையில் நீர் கொடுக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தத்துவத்தை எப்படி மதிப்பான்? சொல் வேறாகவும் செயல் வேறாகவும் இருக்கும் இடத்தில் முதலில் மதிப்பை இழப்பது சொல்தான்.

ஆகவே இன்று நான் தத்துவத்துக்கு இலக்கணம் கூறப் போவதில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய மூன்று பொருள்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று கிணறு; மற்றொன்று அடுப்பு; மூன்றாவது பள்ளிக்கூடம். மூன்றும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உட்பட்ட நிலப்பரப்பிலேயே இருக்கின்றன. காலையிலே புறப்பட்டால் மாலைக்குள் மூன்றையும் கண்டு திரும்பிவிடலாம். ஆனால் அவற்றைக் கட்டியவர்களுக்கு இடையே உள்ள கால எல்லையோ ஆறு நூற்றாண்டுகள்.

முதலில் கிணற்றைக் காண்போம். கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றின் கரையில் திருவந்திபுரம் இருக்கிறது. திருவயிந்திரபுரம் என்பது நூல்களில் வழங்கும் பெயர். திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற தேவநாதப் பெருமாள் கோயிலும், அதன் எதிரே ஔஷதகிரி என்னும் சிறு குன்றும், குன்றின்மேல் கல்விக் கடவுளாகிய ஹயக்ரீவர் சந்நிதியும் அங்கே உள்ளன. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை இவ்வூரிலே கழித்தார். அவர் பிறந்த ஆண்டை 1268 என்று மரபு குறிக்கும். தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் மணிப்பிரவாளத்திலும் நூல் செய்த பெரும் புலவர் அவர், வாதத்தில் நிகரற்றவர், எல்லாக் கலைகளிலும் வல்லவர் என்ற பொருளில் ‘சர்வதந்திர சுதந்திரர்’ என்ற பட்டம் அவருக்கு உண்டு.

அந்தப் பட்டத்தை ஒரு கொத்தனார் சோதித்துப் பார்த்தார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. ‘எல்லாக் கலையும் அறிந்தவர் என்கிறீர்களே, ஒரு கிணறு கட்டிக் காட்டுங்கள், பார்ப்போம்’ என்றாராம். அதோடு நிற்காமல், அளவொத்த செங்கற்களைக் கொடாமல், கோணலும் மாணலுமான கற்களாகப் பொறுக்கிக் கொடுத்தாராம். தேசிகர் அவற்றையே கொண்டு ஒரு கிணற்றைக் கட்டி முடித்தார் என்பது வரலாறு. அந்தக் கிணறு இது என்று திருவந்திபுரத்திலே அவர் வாழ்ந்த திருமாளிகையில் இன்றும் காட்டுகிறார்கள்.

இவ்வரலாற்றை வரலாற்றாசிரியர் எவ்வாறு எடைபோட்டாலும் போடட்டும். ஒரு சமுதாயம் தன் பெரிய தத்துவ ஆசிரியரைப் பற்றி நினைக்கும்போது, அவர் வாதத்தில் வென்ற கதையோடு நிறைவடையவில்லை. அவர் கையில் கரணையையும் கொடுத்துப் பார்த்தது. இது கவனிக்கத் தக்கது. கற்றவன் கை, மண்ணையும் சுண்ணாம்பையும் தொடத் தயங்கலாகாது என்று மக்கள் உள்ளம் எதிர்பார்த்தது. கொத்தனார் கேட்ட கேள்வியும் அவமதிப்பான கேள்வி அன்று; நேர்மையான கேள்வி. ‘உம் அறிவு எந்தத் தாகத்தைத் தணிக்கும்?’ என்பதுதான் அதன் உட்பொருள். அந்தக் கேள்வியைத் தேசிகர் சினந்து தள்ளவில்லை. கிணறு கட்டி விடை கூறினார்.

இதற்கு ஒப்பான ஒரு வாழ்வை ஐரோப்பாவிலும் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் வாழ்ந்த ஸ்பினோசா என்னும் தத்துவ அறிஞர், கண்ணாடி வில்லைகளைச் சாணை பிடித்துச் சீவனம் நடத்தினார். 1673-ஆம் ஆண்டு ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சிந்திக்கும் உரிமைக்கு அதனால் இடையூறு நேருமோ என்று அவர் அதை மறுத்துவிட்டார். விசயநகர அரசவைக்கு வித்தியாரணியர் அழைத்தபோது தேசிகர் அதனை ஏற்கவில்லை என்று நம் நாட்டு மரபும் கூறுகிறது. கைத்தொழிலை இழிவென எண்ணாமையும், அரண்மனையை உயர்வென மயங்காமையும் ஒரே உள்ளத்தின் இரு முகங்கள் போலும்!

கோணல் செங்கற்களைப் பற்றியும் சிறிது எண்ணிப் பாருங்கள். வாழ்க்கை நமக்குக் கொடுக்கும் கற்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். உடன் பயிலும் மாணவர், உடன் பணி செய்வோர், அண்டை வீட்டார், உறவினர் ஆகிய எவரையும் நாம் அச்சில் வார்த்து எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் முன்கோபி, ஒருவர் மந்தம், ஒருவர் வாயாடி. கற்கள் எல்லாம் ஒழுங்காக வந்த பிறகு கட்டத் தொடங்குவேன் என்பவன் ஒருநாளும் கட்டமாட்டான். ஒரு கல்லின் மேட்டுக்கு மற்றொரு கல்லின் பள்ளம் எங்கே பொருந்தும் என்று தேடுகிறவனே கட்டடம் எழுப்புகிறான். ஜனநாயகம் என்பதும் இத்தகைய கட்டடமே.

ஆனால், ஒரு கிணற்றின் தத்துவம் அதன் சுவரோடு முடிந்துவிடுவதில்லை. கட்டியாயிற்று, நீர் ஊறிற்று, யார் இறைப்பது? இந்தக் கேள்வி நம் நாட்டில் நெடுங்காலம் கசப்பான விடையையே பெற்றது. ஊர்ப் பொதுக் குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்காக 1927-இல் மகாராட்டிரத்தின் மகாடு நகரில் டாக்டர் அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும், 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூகத்து மக்கள் பருகும் குடிநீர்த் தொட்டியிலே மனிதக் கழிவு கலந்திருந்த செய்தியைத் தமிழகம் கேட்டது. எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்று கூறும் நூல்கள் எத்தனை நூற்றாண்டாக நம்மிடம் இருக்கின்றன! அந்த நூல்களுக்கும் அந்தத் தொட்டிக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நாம் நடந்து கடக்க வேண்டும்.

இனி அடுப்பைக் காண்போம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் இராமலிங்க அடிகளார் பிறந்தார். சென்னையில் வளர்ந்து, பின்பு இப்பகுதிக்கே திரும்பி வந்து கருங்குழியில் தங்கினார். 1865-இல் ஒரு சங்கம் கண்டார். 1867 மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து, வருவோர்க்கெல்லாம் சோறு படைத்து வருகிறது. 1872 சனவரி 25-ஆம் நாள்தான் ஞானசபை அங்கே திறக்கப் பெற்றது.

இந்த வரிசையை நோக்குங்கள். முதலில் சோற்றுக்கு ஒரு சாலை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே வழிபாட்டுக்கு ஒரு சபை. இது தற்செயலாக நேர்ந்தது என்று கொள்வதற்கில்லை. சீவகாருணிய ஒழுக்கம் என்ற தம் உரைநடை நூலில் அடிகளார் பசியை ஒரு மருத்துவர் நோயை ஆராய்வது போல ஆராய்கிறார். பசி மிகும்போது அறிவு மயங்குவதையும், மனம் தளர்வதையும், பொறிகள் ஒடுங்குவதையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறார். பசித்தவனுடைய நாடு, சாதி, சமயம், நடத்தை ஆகியவற்றை விசாரியாமல் உணவு தரவேண்டும் என்பது அவர் முடிபு. ஏன்? பசிக்குச் சாதி இல்லை. அறிவாளியின் பசியும் அறிவிலியின் பசியும் ஒரே விதமாகவே எரிக்கின்றன. எல்லா உயிரும் ஒன்று என்ற பெருங்கருத்தை நிறுவ அடிகளார் விண்ணுலகை நோக்கிக் கை காட்டவில்லை, வயிற்றைக் காட்டினார். மறுக்க எவராலும் இயலாத சான்று அது.

தருமச்சாலை எழுந்த காலத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1866-இல் இந்தியாவின் கிழக்குக் கரையைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை தென்னாடு முழுவதையும் அதனினும் கொடிய பஞ்சம் சூறையாடியது. இவ்விரண்டுக்கும் நடுவே மூட்டப்பட்ட அடுப்பு அது. தானியம் இருந்தும் மக்கள் மாண்ட காலத்தில், ‘பசி தீர்த்தலே முதல் வழிபாடு’ என்று ஒருவர் நெருப்பு மூட்டியது வெறும் இரக்கச் செயல் அன்று. காலத்தை நோக்கி எழுப்பிய கண்டனமும் ஆகும்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். ‘சும்மா சோறு போட்டால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிடமாட்டார்களா?’ என்று சிலர் கேட்பர். இந்தக் கேள்வியை வயிறு நிறைந்தவர்களே கேட்பது வழக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீரில் மூழ்குகிறவனுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுப்பதில்லை; கரை சேர்த்துவிட்டே கற்றுக்கொடுக்கிறோம். பசித்தவன் காதில் எந்த அறிவுரையும் ஏறாது. ஆகையால் உணவு முதலில், உபதேசம் பின்னர். தமிழகத்தின் பள்ளிகளும் இந்த உண்மையைக் கண்டறிந்தன. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு தந்து பார்த்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் தழுவிய திட்டமாக வளரத் தொடங்கிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. சோறு பிள்ளைகளைச் சோம்பேறிகள் ஆக்கவில்லை. பள்ளிக்கு வரச் செய்தது.

எனினும், சமைப்பவர் இன்ன சாதியார் என்று சொல்லிப் பிள்ளைகளை உண்ணவிடாமல் பெற்றோர் தடுத்த செய்திகள் 2023-இலும் நாளிதழ்களில் வந்தன. அரசு அடுப்பு மூட்டலாம், அரிசி தரலாம், தட்டைத் தள்ளாத மனத்தை அரசாணையால் தர இயலாது. அது வீட்டிலும் வகுப்பிலும் விளைய வேண்டிய பயிர்.

அணையா அடுப்பிலே இன்னொரு பாடமும் இருக்கிறது. நெருப்பு தானாக அணையாமல் இருப்பதில்லை. நள்ளிரவிலும் யாரோ ஒருவர் எழுந்து விறகு தள்ளவேண்டும், சாம்பல் அள்ளவேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் தெரியாத பலர் அதைச் செய்து வந்திருக்கிறார்கள். நாம் பண்பு என்பதை ஓர் உணர்ச்சி என்று எண்ணுகிறோம். ஒரு துயரப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினால் நம்மிடம் அன்பு இருக்கிறது என்று நிறைவு கொள்கிறோம். கண்ணீர் பொறியைப் போன்றது, தெறித்து மறையும். பண்பு அடுப்பைப் போன்றது. நாள்தோறும் பராமரிக்க வேண்டும். தவணை தவறாத சிறு உதவியும், சலியாத சிறு கடமையும்தான் அதற்கு விறகு.

திருவந்திபுரத்துக்கே மறுபடி ஒரு கணம் திரும்புவோம். முகூர்த்த நாள்களில் அங்கே ஒரே நாளில் எத்தனையோ திருமணங்கள் நடைபெறுகின்றன. பந்தல் அலங்காரத்துக்கும் மேளதாளத்துக்கும் பொருளை வாரி இறைத்து, வாயிலில் நிற்கும் பசித்தவரை மறந்துவிடும் திருமணங்களைப் பற்றி அடிகளார் தம் நூலிலே வருந்திக் கூறியிருக்கிறார். இன்று நம் வீட்டுத் திருமணங்களில் இலையிலே எஞ்சிக் குப்பைக்குப் போகும் பண்டங்களை எண்ணிப் பாருங்கள். தத்துவம் நுழைய வேண்டிய இடம் ஞானசபை மட்டும் அன்று, பந்திக் கூடமும்தான்.

மூன்றாவதாகப் பள்ளியைக் காண்போம். சிதம்பரம் என்றதும் நடராசப் பெருமான் நினைவுக்கு வருவார். அவர் முன்னே வர ஏங்கிய நந்தனாரும் நினைவுக்கு வருவார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவரைத் திருநாளைப்போவார் என்று அழைக்கிறார். தில்லைக்குப் போகவேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு நாளும் எழும்; குலத்தைக் காரணமாக வைத்து உலகம் எழுப்பிய வேலி ஒவ்வொரு நாளும் தடுக்கும்; ‘நாளைக்குப் போவேன்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார். அதனால் வந்த பெயர் அது.

நண்பர்களே, நாமும் ‘நாளைக்கு’ என்று சொல்கிறோம். பாடத்தை நாளைக்குப் படிப்போம். கடனை நாளைக்குத் தீர்ப்போம். மன்னிப்பை நாளைக்குக் கேட்போம். அந்த நாளை நம் சோம்பலிலே பிறந்தது. நந்தனாரின் நாளையோ பிறர் அவர்மீது சுமத்தியது. முன்னதை உதறுவது தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒழுக்கம். பின்னதை நீக்குவது சமுதாயத்தைத் திருத்தும் நீதி. ஒருவர் வாயிலே ‘நாளை’ என்ற சொல்லை நாம் திணிக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கேள்வியைத் தம் வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பகுதியில் 1890-இல் ஒடுக்கப்பட்ட சமூகத்திலே பிறந்தவர். வேதாந்தம் பயின்று துறவு பூண்டவர். துறவி ஒருவர் சிதம்பரத்துக்கு வந்தால் என்ன செய்வார்? ஒரு மூலையில் அமர்ந்து தியானம் செய்யலாம். அவ்வாறு செய்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ 1916-இல், தம் இருபத்தாறாம் வயதில், நந்தனார் பெயரால் ஒரு கல்விக் கழகத்தை நிறுவி, எழுத்தறிவு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் சட்டமன்றத்திலும் அமர்ந்து அம்மக்களுக்காகப் பேசினார். 1959-இல் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடைபெறுகின்றன.

வேதாந்தத்துக்கும் அரிச்சுவடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரான தொடர்பே உண்டு. எல்லா உடலிலும் விளங்கும் ஆன்மா ஒன்றே என்பது மெய்யானால், ஒரு பிள்ளை பலகையில் எழுதவும் மற்றொரு பிள்ளை அதே வயதில் மாடு மேய்க்கவும் நியாயம் ஏது? ஒன்று, அந்தக் கொள்கை பொய். அல்லது, அந்த நிலை அநீதி. கொள்கை மெய் என்று நம்பியவர், நிலையை மாற்றப் புறப்பட்டார். தத்துவத்தை நம்புவது என்றால் இதுதான் பொருள். கோயிலுக்குள் நுழையும் உரிமையைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் எல்லா இந்துக்களுக்கும் உறுதி செய்தது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, கல்வி என்னும் வாயிலைத் திறக்கும் பணி சிதம்பரத்திலே தொடங்கிவிட்டது.

கிணறு, அடுப்பு, பள்ளி ஆகிய மூன்றையும் கண்டோம். கட்டியவர்களின் சமயக் கொள்கைகள் வேறுவேறு. ஒருவர் திருமாலடியார், ஒருவர் சமரச நெறியினர், ஒருவர் வேதாந்தத் துறவி. ஒன்றாக அமர்ந்து வாதிட்டிருந்தால் மூவரும் பல இடங்களில் மாறுபட்டிருப்பர். ஆனால் ஒருவர் தாகத்துக்கும், ஒருவர் பசிக்கும், ஒருவர் அறியாமைக்கும் மருந்து தேடினர். கொள்கையில் பிரிந்தோரும் கொடையில் கூடலாம் என்பதற்கு இது சான்று.

இனி, தத்துவத்தை நாள்தோறும் பயன்படுத்துவதற்கு ஒரு சிறு உரைகல்லைச் சொல்கிறேன். எந்தக் கொள்கையையும் யாருக்காகச் சொல்கிறோம் என்று பாருங்கள். ‘எல்லாம் வினைப்பயன்’ என்று தனக்கு வந்த துன்பத்தைப் பார்த்து ஒருவன் சொல்லிக்கொண்டால் அது பொறுமை. பிறனுக்கு வந்த துன்பத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால் அது கல்நெஞ்சம். ‘செல்வம் நிலையாது’ என்று தன் பணப்பையைப் பார்த்துச் சொன்னால் ஈகை பிறக்கும். கூலி கேட்டு நிற்பவனிடம் சொன்னால் அது வஞ்சகம். கடமையைத் தனக்கும் இரக்கத்தைப் பிறர்க்கும் வைத்துக்கொண்டால் தத்துவம் மருந்தாகும். இரக்கத்தைத் தனக்கும் கடமையைப் பிறர்க்கும் வைத்துக்கொண்டால் அதே தத்துவம் நஞ்சாகிவிடும்.

இந்த உரைகல்லை உங்கள் கல்லூரியிலேயே பயன்படுத்திப் பார்க்கலாம். விடுதியைத் துப்புரவு செய்ய வரும் முதியவரை ‘நீ, வா, போ’ என்று ஒருமையில் அழைக்கிறோமா, ‘ஐயா’ என்கிறோமா? தமிழ்மொழி ‘நீங்கள்’ என்ற ஒரு சொல்லை நமக்குத் தந்திருக்கிறது. அதை வழங்குவதற்குக் காசு செலவில்லை. ஆனால் எவருக்கு வழங்குகிறோம், எவருக்கு மறுக்கிறோம் என்பதிலே நம் தத்துவம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. கைப்பேசியில் ஒருவரைப் பழித்து ஒரு செய்தி வருகிறது. மெய்யா பொய்யா என்று ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோமா, நிறுத்துகிறோமா? வகுப்பில் பின்தங்கிய தோழன் ஓர் ஐயம் கேட்டால் நகைக்கிறோமா, அருகில் அமர்ந்து விளக்குகிறோமா? இவை சிறிய செயல்கள்தாம். கிணறும் ஒரே நாளில் எழவில்லை. ஒரு கல்லின்மேல் ஒரு கல்லாகத்தான் எழுந்தது.

படிக்க வேண்டிய நூல்கள் பல உண்டு. அவற்றைப் படியுங்கள், வாதிடுங்கள், ஐயங்களை அஞ்சாமல் எழுப்புங்கள். ஒரு நூலை மூடி வைக்கும்போது மட்டும் அந்தக் கொத்தனாரின் கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: இது எந்தத் தாகத்தைத் தணிக்கும்? விடை தெரிந்துவிட்டால், கையில் கிடைத்த கோணல் கற்களோடு கட்டத் தொடங்குங்கள். நல்ல கற்கள் வரட்டும் என்று நாளைக்குத் தள்ளவேண்டாம்.